கடினத்தன்மை சரியாக இருந்தும் உடைந்த பாகங்கள்: ஒரு பைனைட் எஃகு ஃபோர்ஜிங்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கனரக இயந்திரம் ஒன்றின் அச்சுமுனை. ஃபோர்ஜிங் செய்த பாகம், எடை 38 கிலோ. ஒரு பக்கம் 95 மி.மீ. விட்டமுள்ள தடித்த தலை, மறுபக்கம் 40 மி.மீ. தடிமனுள்ள கை. இரண்டும் சேரும் இடத்தில் 8 மி.மீ. ஆரமுள்ள வளைவு.

இந்தப் பாகம் முன்பு குரோமியம்-மாலிப்டினம் எஃகில் செய்யப்பட்டு, எண்ணெயில் குவென்ச் செய்து (சட்டெனக் குளிரவைத்து) டெம்பர் செய்யப்பட்டது (மிதமாக மறுபடி சூடாக்கப்பட்டது). தலைக்கும் கைக்கும் தடிமன் வித்தியாசம் அதிகம் என்பதால் குவென்ச்சில் கோணலும் அவ்வப்போது விரிசலும் வந்தன. அதனால் கார்பைடு இல்லாத பைனைட் எஃகுக்கு மாறினார்கள். சூடான எஃகு நடுத்தர வேகத்தில் ஆறும்போது கிடைக்கும் உள்ளமைப்புதான் பைனைட். ஃபோர்ஜிங் சூட்டிலிருந்து காற்றில் ஆறும்போதே வலிமை வந்துவிடும், தனியாக ஹீட் ட்ரீட்மென்ட் தேவைப்படாது என்பதுதான் இந்த எஃகின் கவர்ச்சி.

எஃகின் கலவை எடை விழுக்காட்டில்: கார்பன் 0.24, சிலிக்கான் 1.45, மாங்கனீஸ் 1.55, குரோமியம் 1.30, மாலிப்டினம் 0.10, நிக்கல் 0.15, டைட்டானியம் 0.02, பாஸ்பரஸ் 0.016, கந்தகம் 0.028. கந்தகத்தை வெட்டுவேலை எளிதாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருந்தார்கள்.

இங்கே முக்கிய வேலை சிலிக்கானுடையது. சிமென்டைட் எனும் இரும்புக் கார்பைடுக்குள் சிலிக்கான் கரையாது என்றே சொல்லலாம். ஆகவே போதிய சிலிக்கான் இருந்தால், பைனைட் ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த இரும்புப் படிகம்) வளரும்போது வெளியே தள்ளப்படும் கார்பனால் கார்பைடாக மாற முடியாது. பக்கத்திலிருக்கும் ஆஸ்டினைட்டுக்குள் (உயர் வெப்பநிலையில் எஃகு கொள்ளும் படிக வடிவம்) அது போய்ச் சேர்கிறது. கார்பன் நிறைந்த அந்த ஆஸ்டினைட் அறை வெப்பநிலையிலும் மாறாமல் நிற்கும். பட்டை பட்டையாக ஃபெரைட், அவற்றுக்கு நடுவே மெல்லிய படலமாக ஆஸ்டினைட் என்பதே வேண்டிய நுண்கட்டமைப்பு. விரிசலைத் தொடங்கி வைக்கும் கரடான சிமென்டைட் அதில் இல்லை. ஆஸ்டினைட் படலமும் ஓடும் விரிசலை மழுக்கிவிடும்.

வரைபடத்தில் கேட்டவை: இழுவலிமை 1100 முதல் 1300 மெகாபாஸ்கல், கடினத்தன்மை 330 முதல் 390 விக்கர்ஸ், 20 °செ-இல் சார்ப்பி வி-வெட்டுச் சோதனையில் (வெட்டுள்ள துண்டைச் சுத்தியலால் அடித்து, உடைய எடுக்கும் ஆற்றலை அளப்பது) மூன்று மாதிரிகளின் சராசரி குறைந்தது 27 ஜூல், எந்தத் தனி மாதிரியும் 19 ஜூலுக்குக் கீழே போகக்கூடாது. கடினத்தன்மையை ஒவ்வொரு தொகுதியிலும் பாகத்தின் மேலேயே அளந்தார்கள். சார்ப்பி மாதிரியைப் பாகத்திலிருந்து எடுக்கவில்லை. அதே எஃகில் தனியாக அடித்த 30 மி.மீ. கம்பியிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கம்பி தந்த அளவு 52 ஜூல். சான்றிதழில் ஏறியதும் அந்த எண்தான்.

முறிவு

ஒரே உருக்கிலிருந்து 410 பாகங்கள் அடிக்கப்பட்டன. இறுதிக் கோணலை எடுக்க, அறை வெப்பநிலையில் நிமிர்த்தும் பிரஸ்ஸில் வைத்தபோது முதல் 140 பாகங்களில் மூன்று உடைந்தன. மூன்றும் தலைப்பக்க வளைவில், முன்னறிவிப்பே இல்லாமல், ஒரே சத்தத்தில். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய பொருந்தின. உடைவதற்கு முன் வளைந்த தடம் எதுவும் இல்லை.

முறிவு முகம் தட்டையாகவும் பளிச்சென்றும் இருந்தது. விளக்கின் கீழே சாய்த்துத் திருப்பினால் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலச் சிறு முகங்கள் மின்னின. ஓரத்தில் நார்போன்ற மங்கலான பகுதி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. களைப்பு முறிவின் வளையக் கோடுகளோ, குவென்ச் விரிசல் காட்டும் ஆக்சைடு நிறமோ தென்படவில்லை.

உடைந்த மூன்றின் கடினத்தன்மை 341, 344, 348 விக்கர்ஸ். எல்லைக்குள் வசதியாகவே இருந்தன.

வேலை உடனே நிறுத்தப்பட்டது. நிமிர்த்தியும் உடையாத 137 பாகங்களும் காந்தத்தூள் சோதனைக்குப் போயின. நான்கில் வளைவுப் பகுதியில் விரிசல் தெரிந்ததால் அவை கழிக்கப்பட்டன.

அவசரத்தில் எடுத்த முதல் முடிவு

ஆய்வு முடிவு வருவதற்கு முன்பே உற்பத்திப் பிரிவு 60 பாகங்களை 500 °செ-இல் இரண்டு மணி நேரம் டெம்பர் செய்துவிட்டது. “உடைகிறது என்றால் டெம்பர் போதவில்லை” என்பது குவென்ச் செய்த மார்ட்டன்சைட் (சட்டெனக் குளிரும்போது உருவாகும் கடினமான, எளிதில் உடையும் அமைப்பு) எஃகில் பழகிய கைக்கு இயல்பாக வரும் எண்ணம். டெம்பருக்குப் பின் கடினத்தன்மை 338 விக்கர்ஸ். கிட்டத்தட்ட பழைய அளவே. அதைப் பார்த்து அந்த 60 பாகங்களும் அனுப்பத் தயாராக அடுக்கப்பட்டன.

ஒரு பாகத்தை வெட்டிப் பார்க்கும்வரை அனுப்ப வேண்டாம் என்று ஆய்வுக்குழு தடுத்தது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே மிக அதிகம் காப்பாற்றியது இதுதான். காரணம் கீழே வருகிறது.

பாகத்திலிருந்தே எடுத்த மாதிரிகள்

டெம்பர் செய்யாத நல்ல பாகம் ஒன்றில், தலையின் மையத்துக்கும் மேற்பரப்புக்கும் நடுவழியிலிருந்தும் கையிலிருந்தும் சார்ப்பி மாதிரிகள் எடுக்கப்பட்டன. அளவு வழக்கமானது: 10×10×55 மி.மீ., 2 மி.மீ. ஆழ வி-வெட்டு, 45 பாகை, அடிப்பக்க ஆரம் 0.25 மி.மீ. வெட்டின் ஆரத்தை நிழல்படக் கருவியில் சரிபார்த்த பிறகே சோதனை நடந்தது. எண்கள் சிறியதாக வரும் என்று எதிர்பார்த்ததால் 300 ஜூல் சுத்தியலுக்குப் பதிலாக 150 ஜூல் சுத்தியலைப் பயன்படுத்தினார்கள்.

கை: 46, 43, 49 ஜூல். கடினத்தன்மை 362 விக்கர்ஸ்.

தலை: 14, 11, 17 ஜூல். கடினத்தன்மை 344 விக்கர்ஸ்.

ஒரே பாகம், ஒரே எஃகு. கடினத்தன்மை குறைந்த பகுதிதான் எளிதில் உடைகிறது. “மென்மையாக இருந்தால் தாங்கும், கடினமாக இருந்தால் உடையும்” என்ற கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது. இதைப் பார்த்த உடனேயே, கடினத்தன்மையை வைத்து இந்தப் பாகத்தை ஏற்பதோ தள்ளுவதோ கூடாது என்பது தெளிவானது.

ஹைட்ரஜன் சந்தேகம் எழுந்தது. அதை விலக்க இரண்டு காரணங்கள் இருந்தன. ஹைட்ரஜன் மெதுவான சுமையில்தான் தன் வேலையைக் காட்டும். சார்ப்பி அடி மில்லிவினாடிகளில் முடிந்துவிடுகிறது, அதற்குள் ஹைட்ரஜன் விரிசல் முனைக்கு நகர்ந்து சேர நேரமில்லை. அப்படியிருந்தும் 14 ஜூல் வருகிறதென்றால் குறை நுண்கட்டமைப்பில்தான் இருக்க வேண்டும். தவிர, 200 °செ-இல் 24 மணி நேரம் சுட்டு எடுத்த மாதிரிகளும் 12 முதல் 16 ஜூல்தான் தந்தன.

நுண்ணோக்கியில் தெரிந்தது

வெறும் நைட்டாலில் (வழக்கமான நைட்ரிக் அமில அரிப்பான்) இரண்டு பகுதிகளும் “பைனைட்” என்று எழுதிவிடலாம் போலத்தான் தோன்றின. வித்தியாசத்தைக் காட்டியது லெப்பேரா அரிப்பான்: தண்ணீரில் 1 விழுக்காடு சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும், எத்தனாலில் 4 விழுக்காடு பிக்ரிக் அமிலமும் சம அளவில். பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். கலந்து வைத்தால் நிறம் சரியாகப் பிடிக்காது. இந்த அரிப்பானில் பைனைட் பழுப்பாகவோ நீலமாகவோ கருக்கும், ஆஸ்டினைட்டும் மார்ட்டன்சைட்டும் சேர்ந்த திட்டுகள் வெள்ளையாக நிற்கும்.

கையில் மெல்லிய கற்றைகள், அவற்றுக்கு நடுவே இழை இழையாக வெள்ளை. கட்டியான வெள்ளைத் திட்டுகளின் பரப்பு 9 விழுக்காடு. தலையில் வேறு காட்சி: கரடான ஃபெரைட், அதில் தூவியது போல 3 முதல் 8 மைக்ரான் அளவுள்ள மூலை தெரியும் வெள்ளைக் கட்டிகள், மொத்தம் 26 விழுக்காடு. சிலவற்றில் நடுப்பகுதி மார்ட்டன்சைட்டாக மாறியிருந்தது. இந்த வகைக்கு மணிப் பைனைட் என்ற பெயரும் உண்டு. கட்டிகள் சமமாகப் பரவாமல் ஃபோர்ஜிங் ஓட்டத்தின் திசையில் வரிவரியாகச் சேர்ந்திருந்தன. நுண்பகுப்பாய்வில் அந்த வரிகளில் மாங்கனீஸ் 1.9 விழுக்காடு வரை ஏறியும், இடைப்பட்ட இடங்களில் 1.4 வரை இறங்கியும் இருந்தது.

எக்ஸ்-கதிர் விளிம்புவிலகலில் எஞ்சிய ஆஸ்டினைட்டை அளந்தபோது ஒரு தவறு நடந்தது. தலையின் முதல் அளவு 8 விழுக்காடு என்று வந்தது. மாதிரியைத் தேய்த்த தேய்ப்பிலேயே மேற்பரப்பிலிருந்த நிலையற்ற ஆஸ்டினைட் மார்ட்டன்சைட்டாகிவிட்டிருந்தது. மின்மெருகேற்றி 100 மைக்ரான் அகற்றிய பின் அளந்தால் 15 விழுக்காடு. கையில் 13. ஆக, எளிதில் உடையும் பகுதியில்தான் எஞ்சிய ஆஸ்டினைட் அதிகம். “எஞ்சிய ஆஸ்டினைட் அதிகமானால் டஃப்னஸ் (உடையாமல் தாங்கும் திறன்) கூடும்” என்று எழுதப்படுவதை அப்படியே நம்பியிருந்தால் ஆய்வு இங்கேயே தடம் மாறியிருக்கும். அளவைவிட வடிவமும், அதிலுள்ள கார்பனும்தான் முக்கியம். படல ஆஸ்டினைட் கார்பனில் செறிந்தது, நிலைத்து நிற்கும். கட்டி ஆஸ்டினைட்டில் கார்பன் குறைவு. சற்றுச் சுமை ஏறியதும் கடினமான, டெம்பர் ஆகாத மார்ட்டன்சைட்டாக மாறி, விரிசலைத் தொடங்கி வைக்கும். படலம்-கட்டி விகிதம் 0.9-ஐத் தாண்டினால்தான் டஃப்னஸ் நன்றாக இருக்கிறது என்று சிலிக்கான் பைனைட் எஃகுகளில் பாதேஷியாவும் எட்மண்ட்ஸும் காட்டியது இதைத்தான்.

முறிவு முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தபோது, ஆற்றுக் கிளைகள் போன்ற பிளவுக் கோடுகள் பெரும்பாலும் இந்தக் கட்டிகளிலிருந்தே புறப்பட்டன. இரண்டு மாதிரிகளில் மட்டும் தொடக்கப்புள்ளி 5 மைக்ரான் அளவுள்ள டைட்டானியம் நைட்ரைடு கனசதுரம். மெருகேற்றிய, அரிக்காத பரப்பில் ஆரஞ்சு கலந்த பொன்னிறத்தில் கூர்மூலைகளோடு தெரிவதால் இதை அடையாளம் காண்பது எளிது. இது உபகாரணம். முதன்மைக் காரணம் கட்டிகள்.

ஏன் தலையில் மட்டும்

ஸ்டீவன்–ஹெய்ன்ஸ் 1956-இல் தந்த சூத்திரத்தின்படி இந்தக் கலவைக்கு பைனைட் தொடங்கும் வெப்பநிலை சுமார் 520 °செ. ஆண்ட்ரூஸின் 1965 சூத்திரத்தின்படி மார்ட்டன்சைட் தொடங்கும் வெப்பநிலை (எம்எஸ்) சுமார் 370 °செ. டைலட்டோமீட்டரில் (நீள மாற்றத்தை வைத்து எஃகின் உள் மாற்றத்தைக் கண்டறியும் கருவி) அளந்தபோது பின்னது 360 °செ. சூத்திரத்தை மட்டும் நம்பாமல் அளந்து பார்த்ததற்குப் பலன் இருந்தது. பிறகு உலையின் வெப்பநிலையை முடிவு செய்தபோது அந்தப் பத்து டிகிரி தேவைப்பட்டது.

எனவே எல்லாமே 520-க்கும் 370-க்கும் நடுவிலுள்ள 150 டிகிரியில்தான் நடக்கிறது. அந்த இடைவெளியை எந்த வேகத்தில் பாகம் கடக்கிறது என்று அளக்க, தலையின் மையம்வரை 3 மி.மீ. துளையிட்டு கே வகை தெர்மோகப்பிள் செருகினார்கள். தளத்தில் நடைமுறை என்னவென்றால், அடித்த பாகங்களை 40 என்ற கணக்கில் இரும்புத் தொட்டியில் குவித்து அப்படியே ஆறவிடுவது. தொட்டியின் நடுவிலிருந்த பாகத்தின் தலை அந்த இடைவெளியை வினாடிக்கு 0.02 °செ வேகத்தில் கடந்தது, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். பைனைட் உருவாகும்போது வெளிவரும் வெப்பமும் சேர்ந்துகொள்ள, 480 °செ-க்கு அருகே வரைகோடு கிட்டத்தட்ட படுத்தே கிடந்தது. மாற்றத்தின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிட்டது. அதே பாகத்தைத் தனியாகக் கம்பித்தட்டில் வைத்தால் தலை 0.1 °செ, கை 0.23 °செ.

480 °செ-இல் மாறினால் என்ன கெடுகிறது? பைனைட் எதிர்வினை முழுமையாக ஓடாது. எஞ்சிய ஆஸ்டினைட்டின் கார்பன் ஒரு எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். வெப்பநிலை ஏற ஏற அந்த எல்லை கீழே இறங்கும். வெப்ப இயக்கவியல் கணிப்பில் 480 °செ-இல் அது சுமார் 0.55 விழுக்காடு, 380 °செ-இல் சுமார் 0.95. ஃபெரைட்டில் 0.03 தங்குவதாகக் கொண்டு நெம்புகோல் விதியில் (இரு பகுதிகளுக்கும் கார்பனைப் பங்கிடும் கணக்கு) போட்டால், 480-இல் 60 விழுக்காடு பைனைட்டோடு நின்று 40 விழுக்காடு ஆஸ்டினைட் மிஞ்சும். அது கார்பன் குறைந்தது, எனவே கட்டியாகவே நிற்கும். 380-இல் 77 விழுக்காடு மாறி 23 மிஞ்சும். அது கார்பன் நிறைந்து, படலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சான்றிதழ்க் கம்பி 30 மி.மீ. விட்டம் மட்டுமே, தனியாகவும் ஆறியது. அது 52 ஜூல் தந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த எண் பாகத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

குளிர்வா, மணி அளவா

தலையில் முந்தைய ஆஸ்டினைட் மணிகளும் (படிகத் துகள்களும்) பெரிதாக இருந்தன. அடிப்பதற்கான எஃகுக் கட்டை 1250 °செ வரை சூடாக்கப்பட்டதோடு, தலைப்பகுதிக்கு அடி குறைவாகவும் விழுந்திருந்தது. எனவே குற்றம் குளிர்வுடையதா, மணி அளவுடையதா என்று பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் குறுக்கே மாற்றி நான்கு சோதனைகள் நடந்தன. 12 மி.மீ. சதுரத் துண்டுகள், நிரல்படுத்திய சிறு உலையில்:

தலை எஃகு, 920 °செ-இல் 30 நிமிடம், பின் 0.25 °செ வேகம்: 47 ஜூல்.
கை எஃகு, 920 °செ, 0.02 °செ வேகம்: 18 ஜூல்.
தலை எஃகு, 1220 °செ, 0.25 °செ வேகம்: 35 ஜூல்.
கை எஃகு, 1220 °செ, 0.02 °செ வேகம்: 12 ஜூல்.

குளிர்வு வேகம் மாறினால் 23 முதல் 29 ஜூல், மணி அளவு மாறினால் 6 முதல் 12 ஜூல். மெதுவான குளிர்வுதான் முதன்மைக் குற்றவாளி. தலையிலிருந்து எடுத்த எஃகும் சரியாக ஆறவைத்தால் நன்றாக இருக்கிறது என்பதால், எஃகு தயாரித்தவர் மீது பழிபோட இடமில்லாமல் போனது. இந்தச் சோதனைக்கு ஆனது இரண்டு நாள். அதற்கு முந்தைய விவாதம் ஒரு வாரம் ஓடியது.

டெம்பரிங் ஏன் கைகொடுக்கவில்லை

வெட்டிய தலைத் துண்டுகளை மூன்று வெப்பநிலைகளில் இரண்டிரண்டு மணி நேரம் டெம்பர் செய்து பார்த்தார்கள்.

300 °செ: 21 ஜூல். கட்டிகளுக்குள் இருந்த மார்ட்டன்சைட் சற்று டெம்பர் ஆனது. கட்டிகள் அப்படியே இருந்தன. முன்னேற்றம் உண்டு, ஆனால் போதாது.

500 °செ: 9 ஜூல். எதுவும் செய்யாமல் விட்டதைவிட மோசம். இந்த வெப்பநிலையில் எஞ்சிய ஆஸ்டினைட் சிதைந்து ஃபெரைட்டும் சிமென்டைட்டுமாகப் பிரிகிறது. சிலிக்கான் அதைத் தள்ளிப்போடுமே ஒழிய 500-இல் இரண்டு மணி நேரம் தடுத்து வைக்காது. கட்டி இருந்த இடமெல்லாம் கரடான கார்பைடுக் கொத்து. கார்பன் வெளியேறியதால் நிலை தளர்ந்த மிச்ச ஆஸ்டினைட், உலையிலிருந்து எடுத்து ஆறும்போது புது மார்ட்டன்சைட்டாகிறது. படலங்களும் போய், விரிசலைத் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை. பாஸ்பரஸ் மணி எல்லைகளில் சேர்வதால் வரும் டெம்பர் நொறுங்கலோ என்றும் பார்க்கப்பட்டது. டெம்பருக்குப் பின் தண்ணீரில் ஆறவைத்தாலும் உலையிலேயே ஆறவைத்தாலும் ஒரே அளவுதான். முறிவும் மணி எல்லை வழியே போகவில்லை. அந்தக் காரணம் தள்ளப்பட்டது.

600 °செ: 38 ஜூல். ஆனால் இழுவலிமை 930 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிட்டது. வரைபடம் ஏற்காது.

அவசரமாக டெம்பர் செய்த அந்த 60 பாகங்களும் 500-இல் இருந்தவை. 338 விக்கர்ஸ் என்ற நல்ல எண்ணோடு, எல்லாவற்றிலும் எளிதில் உடையக்கூடிய நிலையில் வெளியே போக இருந்தன.

தேர்ந்தெடுத்த வழி

சோதனைக்கு வெட்டியவையும் உடைந்தவையும் கழித்தவையும் போக 399 பாகங்கள் மிஞ்சின. எல்லாவற்றையும் மறுபடி ஆஸ்டினைட் ஆக்குவது என்று முடிவானது. டெம்பரிங்கால் கட்டியைக் கரைக்க முடியாது, முழுதாக அழித்து மறுபடி உருவாக்கினால்தான் உண்டு.

920 °செ, ஒன்றரை மணி நேரம், காப்பு வாயுவில். இதைவிட ஏற்றினால் மணி பெருக்கும். இறக்கினால் கரையாத பகுதி மிஞ்சும் ஆபத்து உண்டு.

அடுத்து, 12 பாகங்கள் மட்டும் இடைவெளி விட்டுத் தட்டில். இங்கே ஒரு சிக்கல். மொத்தத் தட்டுக்கும் விசிறி வைத்தால் தலை 400-ஐத் தொடும்போது கை எம்எஸ் வெப்பநிலைக்கு வெகு கீழே போய் மார்ட்டன்சைட் ஆகிவிடும். முதல் சோதனைத் தட்டில் அதுதான் நடந்தது: கை 430 விக்கர்ஸ். பிறகு காற்றுக் குழல்களைத் தலைகளுக்கு மட்டும் திருப்பினார்கள். அடிக்கும் காற்றில் தலைக்கு 0.25 °செ, அசையாக் காற்றில் கைக்கு 0.23 °செ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கின.

தலையின் மேற்பரப்பு 400 °செ காட்டியதும் (மையம் அப்போது 420-ஐ ஒட்டி இருக்கும்) பாகங்களை 380 °செ உலைக்குள் தள்ளி 90 நிமிடம். ஏன் 380? அளந்த எம்எஸ்ஸுக்கு 20 டிகிரி மேலே. உலை பத்து டிகிரி ஆடினாலும் மார்ட்டன்சைட் எல்லைக்குள் விழாது. இதைவிட ஏறினால் கார்பன் எல்லை இறங்கும், கட்டிகள் திரும்பும். டைலட்டோமீட்டரில் 380-இல் எதிர்வினை 35 நிமிடத்தில் நின்றது. தடித்த பகுதியையும் மாங்கனீஸ் வரிகளையும் மனதில் வைத்து நேரம் கூட்டப்பட்டது. நேரம் போதாவிட்டால் மாறாத ஆஸ்டினைட் ஆறும்போது மார்ட்டன்சைட் ஆகிவிடும், செய்த வேலை வீண்.

நிமிர்த்துவதை அறை வெப்பநிலையில் செய்யாமல், பாகம் 150 முதல் 200 °செ இருக்கும்போதே செய்தார்கள். சூட்டில் ஆஸ்டினைட் சுமையைத் தாங்கி நிற்கும், அவ்வளவு எளிதில் மாறாது. கடைசியாக 280 °செ-இல் இரண்டு மணி நேரம். உள் அழுத்தம் தளரும், ஆஸ்டினைட் சிதையாது.

பின்விளைவு

ஐம்பதுக்கு ஒன்று என்று எட்டுப் பாகங்கள் வெட்டப்பட்டன. தலையின் சராசரி ஒவ்வொன்றிலும் 36-க்கும் 44-க்கும் நடுவில், மிகக் குறைந்த தனி மாதிரி 31 ஜூல். கை 45-க்கு மேல். இழுவலிமை 1190 மெகாபாஸ்கலை ஒட்டி, தலையின் கடினத்தன்மை 368 விக்கர்ஸ். −20 °செ-இல் தலை 27 ஜூல். கட்டித் திட்டுகள் 6 விழுக்காட்டுக்கு இறங்கின, பெரும்பாலானவை 2 மைக்ரானுக்கு உட்பட்டவை. எஞ்சிய ஆஸ்டினைட் 11 விழுக்காடு: முன்பைவிடக் குறைவு, ஆனால் படலமாக.

சூட்டில் நிமிர்த்தியதில் ஒன்றும் உடையவில்லை. அந்த 60 பாகங்களும் இதே வழியில் மீண்டன, தனியாக எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டாவது முறை சூடாக்கியதால் செதிலும் மேற்பரப்புக் கார்பன் இழப்பும் சற்றுக் கூடின. 2 மி.மீ. வெட்டு மிகை இருந்ததால் தப்பியது. மிகை குறைந்த பாகமாக இருந்தால் இந்த வழியைப் பரிந்துரைத்திருக்க முடியாது.

அடுத்து வந்த உற்பத்தியில் மறுசூடாக்கல் இல்லை. கட்டையின் வெப்பநிலை 1250-இலிருந்து 1180 °செ-க்கு இறக்கப்பட்டது. அடி முடிந்த பாகம் தொட்டிக்குப் போகாமல், தலைக்குக் காற்று அடிக்கும் தட்டு வழியாக நேரே 380 °செ உலைக்குப் போகிறது. முதல் தொகுதியின் தலை 36, 33, 39 ஜூல். மறுசூடாக்கியதைவிடச் சற்றுக் குறைவு, காரணம் மணி அளவு. ஆனாலும் கேட்டதற்கு மேலே.

மாற்றவேண்டியவை

சார்ப்பி மாதிரி இனி பாகத்தின் தலையிலிருந்து மட்டுமே எடுக்கப்படும். தனிக் கம்பி நிறுத்தப்பட்டது. கடினத்தன்மை அளவு தொடர்கிறது, ஆனால் டஃப்னஸுக்கான ஆதாரமாக அது ஏற்கப்படாது. தொகுதிக்கு ஒரு முறை லெப்பேரா அரிப்பும், கட்டித் திட்டு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற எல்லையும் வரைபடத்தில் சேர்ந்துள்ளன.

கலவையிலும் மாற்றம் கேட்கப்பட்டுள்ளது. கார்பன் 0.20-க்கு இறங்கினால் கார்பன் எல்லையைத் தொடுமுன் இன்னும் அதிக பைனைட் உருவாகும், கட்டி குறையும். மாங்கனீஸ் 1.3-க்கு இறங்கினால் வரிகள் மங்கும். கடினமாகும் ஆழம் குறைவதை மாலிப்டினத்தைக் கூட்டி ஈடுசெய்யலாம். டைட்டானியத்தை நைட்ரஜனுக்குத் தக்கபடி குறைத்து, பெரிய நைட்ரைடுகள் உருகிலேயே பிறப்பதைத் தவிர்க்க வேண்டும். கார்பனைக் குறைத்தால் எம்எஸ் வெப்பநிலை சுமார் 17 டிகிரி ஏறும், மாங்கனீஸ் குறைவது இன்னும் ஏழெட்டு டிகிரி சேர்க்கும். எனவே புதுக் கலவை வரும்போது 380 °செ உலையை அப்படியே விட்டால் பாகம் மார்ட்டன்சைட் எல்லைக்குக் கீழே அமர்ந்துவிடும். டைலட்டோமீட்டரில் மறுபடி அளந்து, உலையை 400 °செ-ஐ ஒட்டி ஏற்றிய பின்பே முதல் கட்டை அடிக்கப்பட வேண்டும் என்று உலைப் பொறுப்பாளரின் வேலைத்தாளில் எழுதப்பட்டுள்ளது.